அசைவின் தடத்தைப் படமெடுத்த பிரகாலியா சகோதரர்கள்

எதிர்காலவாதம் என்ற இத்தாலியக் கலை இயக்கத்தில், அசைவைப் படம்பிடித்த புகைப்படக் கலையின் முன்னோடி யார், அவர் எடுத்தவை கை நடுங்கிக் கலங்கிப்போன படங்களிலிருந்து எப்படி வேறுபடுகின்றன, ஓடும் குதிரையையும் நடக்கும் மனிதனையும் கட்டம் கட்டமாகப் படமெடுத்த மைபிரிட்ஜும் மரேயும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்ததைத்தானே இவரும் செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரு பெயர் போதும்: இத்தாலியரான அன்டோன் ஜூலியோ பிரகாலியா. அந்தப் பெயரோடு அவருடைய தம்பி அர்த்தூரோவின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். விஷயத்தின் உயிர் உங்கள் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. மரே செய்ததை பிரகாலியா திரும்பச் செய்யவில்லை. மரே எதை வேண்டாமென்று விலக்கினாரோ, அதைத் தேடித்தான் இவர் கேமராவின் முன் ஆட்களை நிறுத்தினார்.

அன்டோன் ஜூலியோ 1890-இல் ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள ஃப்ரோசினோனே என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஃப்ரான்செஸ்கோ, ரோமில் இயங்கிய சினேஸ் திரைப்பட நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். பதின்ம வயதிலேயே மகன் அங்கே உதவி இயக்குநராக வேலை பழகினார். சினிமா என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நின்றுபோன படங்கள் என்பதைப் பட்டறையிலேயே பார்த்து வளர்ந்தவர் என்பதால், பின்னாளில் அவர் சினிமாவைப் பற்றிச் சொன்ன குறைகளை வெளியாளின் குறைகளாக எடுத்துக்கொள்ள முடியாது.

1909 பிப்ரவரி 20 அன்று பாரிஸின் 'லெ ஃபிகாரோ' நாளிதழில் கவிஞர் மாரினெத்தி எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டார். வேகம், இயந்திரம், நகரம், இளமை ஆகியவற்றைக் கொண்டாடிய அந்த அறிக்கை போரையும் கொண்டாடியது. அந்தக் கறையை மறைத்துவிட்டு இந்த இயக்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அடுத்த ஆண்டு ஓவியர்கள் தங்கள் தொழில்நுட்ப அறிக்கையை வெளியிட்டார்கள். ஓடுகிற குதிரைக்கு நான்கு கால்கள் இல்லை, இருபது கால்கள் உண்டு என்ற புகழ்பெற்ற வரி அதில்தான் வருகிறது. அதைப் படித்த இளைஞர் ஒருவர், கேமராவால் அந்த இருபது கால்களைக் காட்ட முடியுமா என்று யோசிப்பது இயல்புதான். 1911 வாக்கில் பிரகாலியா சகோதரர்கள் வேலையைத் தொடங்கினார்கள். அண்ணனுக்கு வயது இருபத்தொன்று, தம்பிக்குப் பதினெட்டு.

அவர்கள் தேர்ந்தெடுத்த காட்சிகளைப் பாருங்கள். பாய்ந்து செல்லும் கார் இல்லை, ரயில் இல்லை, விமானம் இல்லை. ஒருவர் குனிந்து வணக்கம் சொல்கிறார். ஒருவர் சிகரெட் பற்றவைத்துப் புகைக்கிறார். உட்கார்ந்திருப்பவர் நிலை மாறி அமர்கிறார். தச்சர் மரம் அறுக்கிறார். ஒரு பெண்ணின் விரல்கள் தட்டச்சுப் பொறியின் மேல் ஓடுகின்றன. ஒருவர் செல்லோ வாசிக்கிறார். ஒருவர் இன்னொருவர் கன்னத்தில் அறைகிறார். இயந்திரத்தின் வேகத்தைப் பாட வந்த ஓர் இயக்கத்துக்குள் இருந்துகொண்டு, மனித உடலின் சின்னஞ்சிறு சைகைகளை இவர்கள் இவ்வளவு கவனத்தோடு பார்த்தார்கள். என்னை இந்தப் படங்களிடம் இழுத்தது முதலில் இதுதான்.

செய்முறை எளிமையானது. பின்னணி இருட்டாக இருக்கும். ஆள் மீது பலமான வெளிச்சம் விழும். கேமராவின் ஒளிக்கதவான ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டு, ஒரு சைகை தொடங்கி முடியும்வரை, உள்ளே படம் பதியும் கண்ணாடித் தகட்டின் மேல் ஒளி விழ விடுவார்கள். தகடு ஒளியைக் கூட்டிக்கொண்டே போகும். ஒருமுறை விழுந்த ஒளியை அது மறக்காது. ஆகவே உடல் எங்கே சற்று நேரம் தங்குகிறதோ அங்கே உருவம் அழுத்தமாகப் பதிகிறது. எங்கே விரைந்து கடக்கிறதோ அங்கே மெல்லிய படலம் மட்டும் மிஞ்சுகிறது. தீபாவளி இரவில் குழந்தை மத்தாப்பைச் சுழற்றும்போது நம் கண்ணுக்கு ஒரு நெருப்பு வளையம் தெரிகிறதே, தகடு அதையே முழு உடலுக்கும் செய்கிறது.

இருட்டுப் பின்னணி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால், கை கடந்துபோன அடுத்த கணமே சுவரின் வெளிச்சம் அந்த இடத்தை நிரப்பிவிடும். கை வந்துபோன சுவடே இருக்காது. கறுப்பு எதையும் சேர்ப்பதில்லை என்பதால் கையின் பாதை அழியாமல் நிற்கிறது.

கை நடுங்கிய படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரியும். கேமரா நடுங்கினால் எல்லாம் ஒரே அளவில், ஒரே திசையில் கலங்கும்; சுவரும் நாற்காலியும் முகமும் சேர்ந்தே கலங்கும். பிரகாலியா படத்தில் கேமரா அசையவில்லை. எது அசைந்ததோ அது மட்டுமே கரைந்திருக்கிறது, அதுவும் எவ்வளவு வேகமாக அசைந்ததோ அந்த அளவுக்கு. தட்டச்சுப் படத்தில் பொறி தெளிவாக நிற்கிறது, விரல்கள் பெருகிக் கலைகின்றன. எங்கே தயங்கியது, எங்கே விரைந்தது, எங்கே திரும்பியது என்று அந்த மங்கலைப் படிக்க முடியும். ஒரு சைகையின் நேரக் கணக்கு அதில் எழுதியிருக்கிறது.

இப்போது மரேக்கு வருவோம். 1878-இல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிப் படமாக எடுத்தார். நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. பாரிஸில் உடலியல் அறிஞர் எத்தியென் ஜூல் மரே 1882-இல் துப்பாக்கி வடிவக் கேமரா ஒன்றைச் செய்து, நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் வீதம் பறவைகளைப் படமெடுத்தார். பிறகு துளைகள் உள்ள சுழல் தட்டு ஒன்றை ஷட்டராக வைத்து, நடக்கும் மனிதனின் அடுத்தடுத்த நிலைகளை ஒரே தகட்டில் பதிந்தார். உருவங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பியபோது அவர் செய்தது அவருடைய நோக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது: ஆளுக்குத் தலை முதல் கால்வரை கறுப்பு உடை மாட்டி, கை கால்களில் வெள்ளைக் கோடுகளை மட்டும் ஒட்டினார். உடல் மறைந்தது, அளக்கத்தக்க கோடுகள் எஞ்சின. அவருக்கு வேண்டியது அளவு. மங்கல் அவருக்கு இடைஞ்சல்.

பிரகாலியாவுக்கு அந்த இடைஞ்சல்தான் பொருள். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் ஃபோட்டோடைனமிசம். 'எதிர்காலவாத ஃபோட்டோடைனமிசம்' என்ற தலைப்பில் 1913-இல் ரோமில் வெளியிட்ட நூலில் அவர் இதைக் கடிகாரங்களை வைத்து விளக்குகிறார். மரேயின் முறை கால் மணிகளை மட்டும் காட்டும் கடிகாரம். சினிமா நிமிடங்களையும் காட்டும் கடிகாரம். தன்னுடைய முறையோ நொடிகளையும், ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் நடுவே கடந்துபோகும் கணத்தின் துணுக்குகளையும் காட்டும் கடிகாரம் என்கிறார். மரேயும் சினிமாவும் அசைவை வெட்டித் துண்டுகளாக்குகின்றன, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே நடந்தது தொலைந்துபோகிறது, அந்த நடுவில்தான் அசைவே இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதற்குப் பின்னால் பெர்க்சன் நிற்கிறார். 1907-இல் வந்த தம் நூலில் அந்தப் பிரெஞ்சுத் தத்துவவாதி, நம் அறிவு சினிமாக் கருவியைப் போலவே வேலை செய்கிறது, ஓடுகிற உலகத்திலிருந்து நின்றுபோன காட்சிகளை எடுத்துக் கோத்துவிட்டு அதையே ஓட்டம் என்று நம்புகிறது என்று எழுதினார். நிலைகளை எத்தனை அடுக்கினாலும் அசைவு வராது என்பது அவர் முடிவு. பிரகாலியா அந்தத் தத்துவத்தை ஒரு பிரிண்டாகத் தாளில் கொண்டுவரத் துணிந்தார். புகைப்படக் கருவியாலேயே, புகைப்படத்தின் மிகப் பெரிய பெருமையான கூர்மையைத் துறந்துவிட்டு இதைச் செய்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடுகிறது.

மரேயிடம் அவர் நியாயமாக நடந்துகொண்டார் என்று சொல்ல மாட்டேன். மரே இதயத்துடிப்பையும் சிறகடிப்பையும் அளக்க வந்த அறிஞர். அவரிடம் கலை இல்லை என்று குறை சொல்வது பொருந்தாது. போதாக்குறைக்கு, மரேயின் படங்கள் இல்லாமல் பிரகாலியாவுக்கு வாதாட எதிராளியே இருந்திருக்க மாட்டார்.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் தொழிலாளிகளின் விரல்களில் சிறு மின்விளக்குகளைக் கட்டி, ஷட்டரைத் திறந்துவைத்து, வேலை நடக்கும்போது கை போகும் பாதையை ஒளிக்கோடாகப் பதிந்துகொண்டிருந்தார்கள். கையின் எந்த அசைவு வீண், எதை நீக்கினால் வேலை விரைவாக முடியும் என்று கண்டுபிடிப்பது நோக்கம். தொழில்நுட்பம் ஏறத்தாழ ஒன்றே. அங்கே மிச்சப்பட்டது கோடு மட்டும்; உழைப்பவரின் உடல் இருட்டில் கரைந்துவிட்டது. பிரகாலியாவின் படத்தில் தட்டச்சு செய்யும் விரல்களுக்குத் தசை இருக்கிறது, தடுமாற்றம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கருவி இரண்டு மனங்களின் கையில் எவ்வளவு மாறிவிடுகிறது என்பது விளங்கும்.

இனி வருவது வருத்தமான பகுதி. எதிர்காலவாதத் தலைவர் மாரினெத்தி பிரகாலியாவை ஆதரித்தார்; 1912-இல் ரோமின் பிக்கெத்தி மண்டபத்தில் அவருடைய வேலையை அறிமுகப்படுத்தியவரே அவர்தான். ஓவியர்களோடும் பிரகாலியாவுக்கு நல்ல பழக்கம் இருந்தது. நாயைச் சங்கிலியில் பிடித்து நடக்கும் பெண்ணைப் பல கால்களோடு வரைந்த ஜாக்கோமோ பல்லாவை, அதே ஓவியத்தின் பக்கத்தில் நிறுத்தி, அவர் உருவம் அசைந்து கரையும்படி ஒரு படம் எடுத்தார். உம்பெர்த்தோ பொச்சோனியின் முகத்தை ஒரே சட்டத்துக்குள் பல முகங்களாகப் பெருக்கி ஓர் உருவப்படம் எடுத்தார். பொச்சோனி அதற்காக அவர் கேமரா முன்னே அமர்ந்திருக்கிறார்.

அதே பொச்சோனிதான் 1913-இல் இந்தக் கூட்டத்திலிருந்து பிரகாலியாவை வெளியேற்றப் பாடுபட்டார். செப்டம்பரில் ரோமின் காட்சிக்கூட உரிமையாளர் ஸ்ப்ரொவியெரிக்கு எழுதிய கடிதத்தில், ஃபோட்டோடைனமிசத்தோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்தினார். அக்டோபர் 1 தேதியிட்ட 'லாச்செர்பா' இதழில் ஓர் அறிவிப்பு வந்தது: ஃபோட்டோடைனமிசம் புகைப்படத் துறையில் நடக்கும் புதுமை மட்டுமே, நாங்கள் கண்டுபிடித்த ஓவிய, சிற்ப இயக்கத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது அதன் பொருள். பொச்சோனி, கர்ரா, ருஸ்ஸோலோ, செவெரினி, சொஃபிச்சி ஆகியோரோடு பல்லாவும் கையெழுத்திட்டிருந்தார். பல்லாவின் கையெழுத்துதான் மனத்தை உறுத்துகிறது. வயலின் வாசிக்கும் கையை விசிறிபோல் விரியும் விரல்களாக அவர் 1912-இல் வரைந்த ஓவியத்தையும், பிரகாலியாவின் செல்லோக்காரரையும் அடுத்தடுத்துப் பாருங்கள். உறவை மறுக்கவே முடியாது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? எதிர்காலவாத ஓவியங்களைப் பார்த்த விமர்சகர்கள், இவை சினிமாச் சுருளைப் பார்த்து வரைந்தவை என்று ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனத்தைத் துடைத்தெறிய வேண்டிய கட்டாயத்தில் ஓவியர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கேமராவும் கையுமாக ஒருவர் தங்கள் கொடியின் கீழ் நிற்பது அவர்களுக்குச் சங்கடம். இது பயத்திலிருந்து பிறந்த முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

பொச்சோனியின் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அசைவு என்பது பொருள் விட்டுச்சென்ற தடம் என்று அவர் கருதவில்லை. பொருளும் அதைச் சூழ்ந்த வெளியும் ஒன்றையொன்று அழுத்தி மாற்றிக்கொள்வதே அவருக்கு அசைவு. 1913-இல் அவர் செய்த நடக்கும் மனித உருவச் சிற்பத்தில் காலின் தசை காற்றோடு சேர்ந்து சுடர்போல் பின்னால் நீள்கிறது. இத்தாலியின் இருபது சென்ட் யூரோ நாணயத்தில் இன்று இருப்பது அந்தச் சிற்பம்தான். அங்கே பல கால்கள் இல்லை, ஒரே உடல் வேகத்தால் புதிய வடிவம் பெறுகிறது. இதைப் புகைப்படத் தகட்டால் செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் செய்ய முடியாது என்பதற்கும், கலையே இல்லை என்று தள்ளுவதற்கும் வெகு தூரம் இருக்கிறது. தகட்டால் முடிந்த வேறொன்றை, அதாவது உண்மையாகக் கழிந்த நேரத்தை உண்மையான ஒளியால் பதிவதை, எந்தத் தூரிகையாலும் செய்ய முடியாது. அந்தச் சிறப்பை அவர்கள் பார்க்க மறுத்தார்கள்.

பொச்சோனி 1916 ஆகஸ்டில் குதிரையிலிருந்து விழுந்து முப்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். பிரகாலியாவோ அதற்குள் சினிமாவுக்கும், பின்னர் நாடகத்துக்கும் நகர்ந்துவிட்டார். 1916-17-இல் அவர் இயக்கிய 'தாயிஸ்' படம் எதிர்காலவாதத்தோடு தொடர்புடைய திரைப்படங்களில் இன்று நமக்குக் கிடைக்கும் அரிய ஒன்று. ஓவியர் என்ரிக்கோ பிரம்போலினி அமைத்த அரங்குகளில் வட்டங்களும் கோணங்களும் சுருள்களும் சுவரெங்கும் பரவி, கடைசிக் காட்சியில் நாயகியையே விழுங்குவதுபோல் நெருக்குகின்றன. கதை அந்தக் காலத்துச் சாதாரண மிகையுணர்ச்சிக் கதைதான்; அரங்குக்காகப் பாருங்கள். 1918-இல் ரோமில் பிரகாலியா கலைக்கூடம் திறந்தது. அடுத்த ஆண்டு ஓவியர் தெ கிரிக்கோவின் முதல் தனிக் கண்காட்சி அங்கேதான் நடந்தது. 1920களின் தொடக்கத்தில், பழைய ரோமானியக் குளியல் மண்டபத்தின் இடிபாடுகளில் சுயாதீனர் நாடக அரங்கை நிறுவி, பிரந்தெல்லோ முதலியோரின் நாடகங்களை மேடையேற்றினார். முசோலினி ஆட்சியின் கீழும் அவர் அரங்கப் பணியைத் தொடர்ந்தார், அரசு ஆதரவும் பெற்றார். 1960-இல் ரோமில் காலமானார். இத்தாலியர் பலருக்கு அவர் நாடகக்காரராகவே பழக்கம். நூலின் மறுபதிப்பு 1970-இல் வந்த பிறகுதான் புகைப்பட வரலாற்றில் அவர் இடம் மெல்ல உறுதிப்பட்டது.

ஒன்றை இடையில் சொல்ல மறந்துவிடக் கூடாது. 1913-இல் அவர் ஆவிப் புகைப்படங்களைப் பற்றியும், கண்ணுக்குத் தெரியாததைப் படம்பிடிப்பது பற்றியும் கட்டுரைகள் எழுதினார். உடல் கரைந்து ஒளியாவதைத் தம் படங்களில் கண்டவருக்கு அந்த ஈடுபாடு வந்ததில் வியப்பில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகூட ஆகாத காலம் அது. கண்ணுக்குத் தெரியாதது தகட்டில் தெரியும் என்பது அன்று மூடநம்பிக்கை மட்டுமாக இருக்கவில்லை. என்றாலும் அவருடைய நல்ல படங்களுக்கு ஆவிகளின் துணை தேவைப்படவில்லை.

நீங்களே இதைச் செய்துபார்க்க விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். அறையை இருட்டாக்கிக் கறுப்புத் துணியைப் பின்னால் தொங்கவிடுங்கள். கேமராவை முக்காலியில் பொருத்துங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸின் துவாரம் எஃப் 11 அல்லது 16, ஷட்டர் ஒரு நொடியிலிருந்து இரண்டு நொடி வரை என்று தொடங்கி, வெளிச்சத்தைப் பொறுத்து மாற்றிக்கொள்ளலாம். கைபேசியில் ஷட்டர் நேரத்தைக் கையால் மாற்றும் வசதி இருந்தால் அதுவும் போதும். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். ஆள் வெளிர் நிறச் சட்டை போட்டிருந்தால் உடலின் தடமும் பதியும். கறுப்புச் சட்டை என்றால் முகமும் கைகளும் மட்டும் மிதக்கும். இரண்டும் வேறு வேறு படங்கள்.

முக்கியமான நுட்பம் அசைவை எப்படிப் பங்கிடுவது என்பதில் இருக்கிறது. ஆரம்பம் முதல் இறுதிவரை ஒரே சீராக அசைந்தால் புகை மூட்டம்தான் கிடைக்கும். தொடக்க நிலையில் சற்றே நின்று, பிறகு ஒரே வீச்சில் நகர்ந்து, முடிவு நிலையில் மீண்டும் சற்றே நின்றால் இரண்டு தெளிவான உருவங்களும் நடுவே ஒரு பாலமும் கிடைக்கும். நடுவில் இன்னொரு நொடித்துணுக்கு தயங்கினால் மூன்றாவது முகம் எட்டிப் பார்க்கும். ஒரு படத்துக்கு ஒரு சைகை போதும். தலை திரும்புவது, தேநீர் ஆற்றுவது, கதவைத் திறக்க எழுவது என்று, தொடக்கமும் முடிவும் உள்ள சைகையாக எடுத்துக்கொள்ளுங்கள். நடனம் வேண்டாம், அதில் அசைவுகள் அதிகம், தடங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

கடைசியாக, தம்பியின் பெயர். படங்களின் கீழே பெரும்பாலும் அன்டோன் ஜூலியோ என்று மட்டும் அச்சிடுகிறார்கள். நூலை எழுதியவர், வாதாடியவர், திட்டு வாங்கியவர் அவர்தான். ஆனால் இருட்டறையையும் தகட்டையும் அறிந்த கை அர்த்தூரோவினுடையது. பின்னாளில் அவர் உருவப்படக் கலைஞராகவும் நடிகராகவும் வாழ்ந்தார். 1930-இல் மாரினெத்தியும் தாத்தோ என்ற புனைபெயர் கொண்ட கலைஞரும் எதிர்காலவாதப் புகைப்பட அறிக்கையை வெளியிட்டபோது, இந்த முறையை அன்டோன் ஜூலியோ தம்பி அர்த்தூரோவோடு சேர்ந்து உருவாக்கினார் என்று அதில் எழுதினார்கள். பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஓவியர்கள் அறுத்துவிட்ட உறவை இயக்கமே அப்படித் திரும்ப ஏற்றுக்கொண்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நிலை மாறி அமரும் மனிதரின் 1911-ஆம் ஆண்டுப் படம் ஒன்று இருக்கிறது. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தேடினால் பார்க்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள், பிறகு தட்டச்சு விரல்களுக்குப் போங்கள்.